மாணவர் அட்டை காலாவதி ஆவதற்குள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கலன்று தங்கை வீட்டில் சாப்பாடு. இலையை மடித்துவிட்டு எல்லாரும் சோபாவில் சாய்ந்த நேரத்தில் மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார். "மச்சான், இவ கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருசம். முடிச்சிட்டு என்ன செய்யப் போறா? டியூஷன் டீச்சர் வேலைதானே கிடைக்கும்?" மகள் மருத்துவம் படிக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை, அது வேறு கதை. பிள்ளை கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே சிங்கப்பூரில், ஜூரோங் தீவில் ஓர் இரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன் (நான் சேர்ந்தபோது அது ஒரே தீவாகக்கூட இல்லை, குட்டிக் குட்டித் தீவுகள், படகில்தான் வேலைக்குப் போவோம்). அதனால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பதிலுக்குப் பதிலாக நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "நூலகத்துக்குப் போறியாம்மா?"

"போவேன் மாமா. பரீட்சை நேரத்தில தினமும் போவேன். ஏசி நல்லா இருக்கும், பிளக் பாயிண்ட் இருக்கு. காலைல எட்டு மணிக்கே போய்த் தண்ணி போத்தலை வச்சு இடம் பிடிச்சாதான் உண்டு."

அவளைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு அவளிடம் சொன்னதை இன்னும் நாலு பிள்ளைகளுக்கும், அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டினால் கோபப்பட மாட்டேன்.

நூலகம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது. அறிவியல் மாணவருக்கு உண்மையான நூலகம் அந்தக் கட்டடத்தில் இல்லை, மாணவர் கணக்கின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. சைஃபைண்டர், ரியாக்சிஸ், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்று பல்கலைக்கழகம் வருடா வருடம் பெரிய சந்தா கட்டி வாங்கி வைத்திருக்கும், ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்மங்களையும் தேடித்தரும் தரவுத்தளங்கள் அவை. தனி ஆள் கைக்காசு போட்டு வாங்கக்கூடிய சமாச்சாரம் இல்லை. அதைவிட முக்கியமானது, பட்டம் வாங்கி மாணவர் கணக்கை மூடியதும் இவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கும் மூடிவிடும், ஏனென்றால் சந்தா ஒப்பந்தங்கள் பொதுவாக அப்போதைய மாணவர்களையும் ஊழியர்களையும் மட்டும்தான் வீட்டிலிருந்தே உள்ளே விடுகின்றன. முன்னாள் மாணவர் அட்டையை வைத்துப் புத்தகம் எடுக்கலாம், உட்கார்ந்து படிக்கலாம், ஆனால் அந்தக் கதவு பழையபடி திறக்காது. நாலு வருடம் கையில் இருந்ததை வேலை தேடும் நாளில் தேடிப்பார்த்தால் இல்லை. இதைத்தான் நான் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எங்கள் காலத்தில் இது எப்படி இருந்தது தெரியுமா? கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்று ஒன்று, 1907லிருந்து வெளிவந்துகொண்டிருந்த, வேதியியல் கட்டுரைகளின் சுருக்கத் தொகுப்பு, தடித்தடித் தொகுதிகளாக அலமாரி அலமாரியாக நிற்கும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், விரலை வைத்துக்கொண்டுதான் வரி பிடிக்க முடியும். ஒரு சேர்மத்தை யார் எப்படித் தயாரித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதன் மூலக்கூறு வாய்பாட்டுப் பட்டியல், அங்கிருந்து இன்னொரு பட்டியல், அங்கிருந்து சுருக்கம், சுருக்கத்திலிருந்து ஆய்விதழின் பெயர், அந்த இதழ் நம் நூலகத்தில் இல்லை என்றால் வெளியூருக்கு எழுதிப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கரிமச் சேர்மங்களின் விவரங்களைத் தொகுத்த பைல்ஸ்டீன் கையேடு இன்னும் மோசம், பழைய தொகுதிகள் முழுக்க ஜெர்மன் மொழி. இருபது முப்பது ஜெர்மன் சொற்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். "கொதிநிலை", "நீரில் கரையாது", இந்த ரகம். இன்றைக்கும் ஜெர்மன்காரர் யாராவது எதிரே வந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்தது "நீரில் கரையாது" மட்டும்தான்.

இப்போது சைஃபைண்டரில் திரையிலேயே மூலக்கூறின் படத்தை வரைகிறார்கள், ஒரு பக்கத்தை மட்டும் வரைந்து "இந்தத் துண்டு உள்ள எல்லாவற்றையும் காட்டு" என்கிறார்கள், அதுவும் காட்டுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் காஸ் எண் என்று அடையாள எண் ஒன்று உண்டு. காப்பியில் இருக்கும் கஃபீனுக்கு 58-08-2, நம் மஞ்சளின் குர்குமினுக்கு 458-37-7. பெயர் ஊருக்கு ஊர் மாறும், எண் மாறாது. எங்கள் ஆலையில் வந்து இறங்கும் ஒவ்வொரு பீப்பாயின் பாதுகாப்புத் தாளிலும் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இது தெரிந்த பிள்ளைக்கு ஆய்வுக்கூட வேலையில் முதல் வாரமே பாதி பயம் போய்விடும்.

சரி, படிப்புக்கு இது உதவும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலை தேட எப்படி உதவும்?

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருடாவருடம் வேலைப் பயிற்சிக்கு மாணவர்களை எடுப்போம். நேர்காணலில் என் மேலாளரோடு நானும் உட்காருவேன். ஒருமுறை வந்த பையன் நல்ல மதிப்பெண், நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம். "நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா" என்று கேட்டதற்கு எங்கள் இணையப்பக்கத்தில் முதல் பத்தியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே ஒப்பித்தான். அடுத்து வந்த பெண்ணுக்கு மதிப்பெண் அவ்வளவு இல்லை. கோப்பிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேசையில் வைத்தாள், மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தது, பார்த்தால் எங்கள் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம். "இந்தப் படியில் டொலுயீனை எடுத்துவிட்டு எத்தில் அசிட்டேட் போட்டிருக்கிறீர்கள், பாதுகாப்புக்காகவா, செலவுக்காகவா?" என்று கேட்டாள். மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உண்மையில் இரண்டும் இல்லை, பழைய கரைப்பானின் எச்சம் சரக்கில் தங்கிவிட்டது, அதை வாயு நிறப்பகுப்பில் (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) மாதக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்தவன் நான்தான். அவளுடைய ஊகம் தவறாக இருந்தது, ஆனாலும் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. இதில் வேடிக்கை, காப்புரிமை ஆவணங்களைப் பார்க்கச் சந்தாவே வேண்டாம், இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எப்படித் தேடுவது என்பதை மட்டும் அவள் நூலகத்தின் ஒரு மணிநேர வகுப்பில் கற்றுக்கொண்டாளாம். அந்த வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். ஆறு பேர் என்றாள்.

அதனால் தங்கை மகளுக்கு நான் சொன்ன முதல் வேலை இதுதான். உனக்குப் பிடித்த ஒரு தலைப்பை எடு, நீர் சுத்திகரிப்போ, மின்கலமோ, மருந்தோ, எதுவாக இருந்தாலும் சரி. ஸ்கோப்பஸில் அந்தத் தலைப்பைப் போட்டு, கட்டுரை எழுதியவர்கள் வேலை பார்க்கும் நாடு சிங்கப்பூர் என்று வடிகட்டு. கடைசி ஐந்து வருடம் போதும். இப்போது கட்டுரைகளைப் படிக்காதே, எழுதியவர்கள் எந்த நிறுவனம், எந்த ஆய்வுக்கழகம் என்று மட்டும் ஒரு தாளில் எழுது. அந்தத் தாள்தான் உன் வேலை தேடும் பட்டியல். அதில் பல்கலைக்கழகங்கள் வரும், ஏ-ஸ்டார் என்ற அரசாங்க ஆய்வு அமைப்பு வரும், அப்புறம் நீ கேள்வியே படாத இரண்டு மூன்று நிறுவனங்கள் வரும், அவை வேலை வாய்ப்புத் தளத்தில் பெரிதாக விளம்பரம் போட்டிருக்காது. வேலை விளம்பரம் வந்தபிறகு விண்ணப்பிக்கிற கூட்டத்தோடு நிற்பதைவிட, விளம்பரம் வருவதற்கு முன்பே ஒரு நல்ல மின்னஞ்சல் எழுதுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, ஆய்வேடுகள். தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்பேங்க்கிலும் நன்யாங் பல்கலைக்கழகத்தின் டிஆர்-என்டியூ களஞ்சியத்திலும் பழைய மாணவர்களின் ஆய்வேடுகள் கிடக்கின்றன, நிறையப் பேருக்கு இது தெரிவதே இல்லை. ஆய்வேட்டில் யாரும் படிக்காத பக்கம் நன்றியுரை. நான் முதலில் படிப்பது அதைத்தான்! எந்தப் பேராசிரியர் மாணவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், எந்தக் கூடத்தில் எந்தக் கருவி இருக்கிறது, யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். எல்லா வரியும் ஒரே மாதிரி சம்பிரதாயமாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். பெயர்களை எடுத்து லிங்க்ட்இன்னில் தேடினால் அந்த ஆய்வுக்கூடத்தில் படித்தவர்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இளநிலை மாணவர்கள் ஆய்வு செய்ய யூரோப்ஸ், யூரெக்கா போன்ற திட்டங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாதவர்கள் அப்புறம் புலம்புகிறார்கள்.

மூன்றாவது, நூலகரிடம் போய்ப் பேசுவது. இதைச் சொன்னதும் பிள்ளை முகத்தைச் சுளித்தாள், "அவங்ககிட்ட என்ன கேக்கிறது மாமா, புத்தகம் எங்க இருக்குன்னா?" என்றாள். நூலகர் என்றால் புத்தகத்தில் முத்திரை குத்துபவர் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு இந்த விஷயத்தில் சாக்குச் சொல்லவே இடமில்லை, ஏனென்றால் உலகம் முழுக்க நூலகத் துறை மாணவர்கள் யாரைப் பற்றிப் படிக்கிறார்களோ, அவரே நம்ம ஊர்க்காரர். சீர்காழியில் 1892ல் பிறந்த ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார், போன கொஞ்ச நாளிலேயே அந்தத் தனிமை பிடிக்காமல் திரும்பக் கல்லூரிக்கே வந்துவிடுகிறேன் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து பார் என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார், அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. கணிதம் படித்தவர் கணித ஆசிரியர் மட்டும்தான் ஆக வேண்டும் என்றில்லை என்பதற்கும் அவரைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை, மாப்பிள்ளை கவனிக்க.

இன்றைய பல்கலைக்கழக நூலகங்களில் ஒவ்வொரு துறையையும் கவனிக்கவென்றே நூலகர்கள் இருக்கிறார்கள், அறிவியல் பட்டம் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. முன்கூட்டியே நேரம் குறித்து, "என் தலைப்பு இது, இதுவரை இப்படித் தேடினேன், இது கிடைத்தது, இது கிடைக்கவில்லை" என்று சொன்னால் அரைமணியில் உங்கள் ஒரு வார அலைச்சலைக் குறைத்துவிடுவார்கள். வெறுங்கையோடு போய் "எனக்குக் கட்டுரை வேண்டும்" என்று நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

தேடத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மஞ்சள் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். காயத்துக்கு மஞ்சள் போடுவது நம் பாட்டிமார் எல்லாருக்கும் தெரியும். 1995ல் அமெரிக்காவில் அதற்கே ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதை எதிர்த்தது. "எங்க பாட்டி போடுவாங்க" என்று சொன்னால் காப்புரிமை அலுவலகத்தில் எடுபடாது, எழுத்தில் வந்த சான்று வேண்டும். தேடித்தேடி 32 சான்றுகளைச் சேர்த்தார்கள், சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களிலிருந்தும், 1953ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை வரைக்கும். 1997ல் காப்புரிமை ரத்தானது. பழைய இதழ்களில் புதைந்து கிடந்தவற்றைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்கள் ஜெயித்துக்கொடுத்த வழக்கு அது. அப்படித் தேடுவதே இங்கே ஒரு தொழில். சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசோதிப்பவர்கள் அறிவியலும் பொறியியலும் படித்தவர்கள். சட்ட நிறுவனங்களிலும் இந்த வேலை உண்டு. வெள்ளைக் கோட்டுப் போடாமலே வேதியியல் செய்யலாம்.

வேறு என்ன வேலை என்று மாப்பிள்ளை விடாமல் கேட்டார். சுகாதார அறிவியல் ஆணையத்தில் மருந்துகளைப் பரிசோதிக்கிறார்கள், பிடிபட்ட போதைப்பொருளைப் பகுப்பாய்வு செய்கிறார்கள், தடயவியலும் அங்கேதான். 2020ல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழி இறைச்சியை விற்க உலகிலேயே முதலில் அனுமதி கொடுத்தது நம் உணவு அமைப்பு, அந்த விண்ணப்பத்தை உட்கார்ந்து படிக்க அறிவியல் தெரிந்த ஆள் வேண்டாமா? பொதுப் பயனீட்டுக் கழகத்தில் நீர் ஆய்வு, துவாஸில் மருந்து ஆலைகள், பயோபோலிஸில் ஆய்வு, மருத்துவ எழுத்து, தரவு வேலை, கருவி விற்கும் நிறுவனங்களில் செயல்முறை விளக்கம் கொடுக்கும் வேலை என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் சொன்னதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அருமையான வேலை. ஆசிரியர் வேலையும் உண்டு, அதை ஏன் கடைசிப் புகலிடம் மாதிரி சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பக்கத்து வீட்டு அங்கிள் சொல்வதைக் கேட்க வேண்டாம். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வின் முடிவுகள் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் படிப்புவாரியாக இருக்கின்றன. நடுச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் பக்கத்தில் இருக்கும் 25ஆம், 75ஆம் சதமான எண்களையும் (கீழ்க் கால்வாசிப் பேரும் மேல் கால்வாசிப் பேரும் பிரியும் சம்பளம்) பாருங்கள். ஒரே படிப்பை முடித்தவர்களுக்குள் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். அந்த ஆய்வு கடைசித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் எடுப்பது, ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களின் கதை ஆறு மாதத்தில் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

தன்விவரக் குறிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. "குழுவாகச் செயல்படுவேன், கடினமாக உழைப்பேன்" என்று எழுதிய தாள்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எந்தக் கருவியில், எந்த மாதிரியை, எத்தனை முறை ஓட்டினாய், கருவி மக்கர் பண்ணியபோது என்ன செய்தாய் என்று எழுதியிருந்தால் நான் உட்கார்ந்து படிப்பேன். "எச்பிஎல்சி (திரவக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) தெரியும்" என்பதற்கும் "எச்பிஎல்சியில் பானங்களிலுள்ள கஃபீனை அளந்தேன், உச்சிகள் பிரியவில்லை, கரைப்பான் விகிதத்தை மாற்றினேன்" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாட்ஜிபிடியிடம் மேற்கோள் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரின் அறிக்கையில் ஐந்து மேற்கோள், அதில் இரண்டு கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. ஆசிரியர் பெயர், இதழின் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருந்தன, கட்டுரைதான் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள அடையாள எண்ணான டிஓஐயைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஜோட்டிரோ போன்ற இலவச மென்பொருளில் படித்த கட்டுரைகளின் விவரத்தை முதல் வருடத்திலிருந்தே சேர்த்துவைத்தால் இந்த வம்பே வராது.

பட்டம் வாங்கி மாணவர் கணக்கை இழந்தவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இலவசம், இயற்பியல், கணிதக் கட்டுரைகள் கிடைக்கும் ஆர்க்கைவ் 1991லிருந்தே இலவசம், கூகல் ஸ்காலர் இலவசம். கட்டுரை கிடைக்கவில்லை என்றால் எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் அனுப்பிவைப்பார்கள், தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்தின் மேற்தளங்களில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. நூலக வாரியத்தின் மின்வளங்களை உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பியம் இலவசம். பல்கலைக்கழக நூலகத்துக்கு ஈடாகாதுதான், ஆனாலும் நாம் அதைப் பாதிகூடப் பயன்படுத்துவதில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவம், சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி நிறையப் படிக்கிறோம், சந்தோஷம். சும்மா இயற்பியலும் உயிரியலும் வேதியியலும் படித்துவிட்டு இந்த ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் தமிழர்களையும் மாதம் ஒருவராகப் பிடித்துப் பேச வையுங்கள். என் மாப்பிள்ளை மாதிரி ஆட்கள் தமிழ் நாளிதழில் படித்தால் நம்புவார்கள், மச்சான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தங்கை மகள் போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். நூலகரைப் பார்த்தாளாம், மின்கலம் பற்றித் தேடி ஒன்பது இடங்களின் பட்டியல் போட்டாளாம், மூன்று மின்னஞ்சல் அனுப்பி ஒன்றுக்குப் பதில் வந்ததாம். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சாக்கில், நான் ரொம்ப நாளாகத் தேடும் ஒரு பழைய கட்டுரையை உன் கணக்கில் இறக்கி எனக்கு அனுப்பேன் என்று கேட்டேன்.

"அது லைசன்ஸ் விதிப்படி தப்பு மாமா. நூலகர் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
வேதியியல் படித்த ஒரு வாசகர்,
ஜூரோங் வெஸ்ட்